10×14 மாடி அறைக்குச் சிறு தயாரிப்பாளர் ஸ்பீக்கர்: இங்கிலாந்துப் பெட்டியா, கொச்சி ஸ்பீக்கரா?

பதிவு 1 · மாடியறை (கோயம்புத்தூர்)

வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது நானே கேட்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

மகள் படிக்க வெளியூர் போனபின் மாடியில் ஒரு அறை எனக்கென்று கிடைத்திருக்கிறது. 14 அடி நீளம், 10 அடி அகலம், கூரையும் 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் மொசைக். கேட்பதில் முக்கால் பங்கு கர்நாடக இசை, அதிலும் பழைய வானொலிப் பதிவுகள் நிறைய. மீதி இளையராஜா. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உட்காருவேன், சத்தமாக வைக்கும் பழக்கம் இல்லை. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 40 வாட், டிரான்சிஸ்டர், எட்டு வருடப் பழசு. குறை ஒன்றும் இல்லை.

ஸ்டாண்டையும் சேர்த்து நான்கு லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு இது பெரிய பணம். இன்னொரு முறை இப்படி வாங்குவேன் என்று தோன்றவில்லை. கடைக்குப் போனால் ஆளுயர டவர் ஸ்பீக்கரைத்தான் காட்டுகிறார்கள். என் மனம் போவது இரண்டு சிறிய தயாரிப்பாளர்கள் மேல். ஒன்று, இங்கிலாந்தில் பி.பி.சி. வழியில் வந்த ஹார்பெத், அதில் ஆகச் சிறியதான பி3 ஈ.எஸ்.ஆர். இன்னொன்று, நமக்குப் பக்கத்திலேயே கொச்சியில் ஒரு கட்டடக் கலைஞர் தொடங்கிய ரெதம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் யோசித்துச் செய்தவை என்று தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 · தெப்பக்குளம் (மதுரை)

முதல் கேள்வியிலேயே அறை அளவைக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி சார். பாதிப் பேர் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

உங்கள் அறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அகலமும் உயரமும் ஒரே அளவு. இரண்டு இணைச் சுவர்களுக்கு நடுவே ஒலி எந்த அதிர்வெண்ணில் நின்று முழங்கும் என்பதற்குக் கணக்கு சுலபம்: ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி என்றால் 3.05 மீட்டர், ஆக 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம். உயரமும் 10 அடி என்பதால் அதே 57-இல் இன்னொன்று வந்து மேலே உட்காரும். 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸில் ஒன்று. சுவர் செங்கல், கூரை கான்கிரீட், எதுவும் அந்த ஒலியை வெளியே விடாது. மேலைநாட்டுக்காரர் வீட்டில் ஜிப்சம் பலகைச் சுவர் கொஞ்சம் அதிர்ந்து பாஸை (தாழ்ந்த ஒலிகளை) விழுங்கிவிடும். அவர்கள் எழுதும் விமர்சனத்தைப் படித்துவிட்டு நம் வீட்டில் வைத்தால் பாஸ் வேறு மாதிரி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைக்காரர் காட்டும் டவர் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அது உங்கள் அறையின் 57-ஐயும் 40-ஐயும் விடாமல் தட்டி எழுப்பும். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க முகம்) ஒவ்வொரு அடிக்கும் ஒரே சுருதியில் ஊதுவது போல இருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை தொப்பியில் எழுப்பும் கும்கியில் இருக்கும் அந்த வழுக்கல், ஏற்றம் எல்லாம் அதில் மூழ்கிப் போகும்.

பி3 மூடிய பெட்டி, துவாரம் கிடையாது. 75 ஹெர்ட்ஸ் வரை சமமாக வந்து அதற்குக் கீழே மெல்ல இறங்கும். 57-இல் பெட்டி இறங்குவதும் அறை தூக்குவதும் ஓரளவு ஈடாகிவிடும். இந்த அறைக்கு அது பொருத்தம் என்பது என் கருத்து.

பதிவு 3 · மாடியறை

75 ஹெர்ட்ஸோடு நின்றால் எம்.டி.ராமநாதன் மாதிரிக் கனமான குரலுக்குக் குறை வராதா? அதுதான் எனக்குப் பயம்.

பதிவு 4 · தெப்பக்குளம்

குரலுக்கு வராது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அளவில். கீழே மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98 தான். சுருதியை இன்னும் தாழ்த்திப் பாடுகிறவருக்கும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. குறை தெரிவது இளையராஜா பக்கம்தான். பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிப்படை ஒலியைச் சிறிய பெட்டி ஏறக்குறைய கொடுக்காது. ஆனால் அதன் இரட்டிப்பான 82 வரும். அதைக் கேட்டே மூளை அடி ஸ்வரத்தைப் புரிந்துகொள்ளும், பாஸ் வரிசையின் நடையை விடாமல் பின்தொடரலாம். நெஞ்சில் வந்து இடிக்கும் உணர்வு மட்டும் இருக்காது.

பதிவு 5 · வால்வ்விளக்கு (சென்னை, மயிலாப்பூர்)

தெப்பக்குளம் அய்யா சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பாஸை மட்டும் வைத்து ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது சரியாகப் படவில்லை.

நான் இருபது வருடமாக ஒற்றை டிரைவர் (கோனை அதிரவைத்து ஒலி எழுப்பும் பகுதி) ஸ்பீக்கரும் 300பி வால்வ் ஆம்ப்பும் வைத்திருக்கிறேன். எட்டு வாட்தான். பாடகர் வாய் திறக்கும் முன் மூச்சு எடுப்பது முதல் கடைசிக் கார்வை அடங்குவது வரை ஒரே கோனிலிருந்து வருகிறது. ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் மின்சுற்று கிடையாது. சாதாரண ஸ்பீக்கரில் மனிதக் குரலும் அதன் மேல் ஒலிகளும் 2,000, 3,000 ஹெர்ட்ஸில் வெட்டுப்பட்டு இரண்டு டிரைவருக்குப் பிரிந்து போகும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமே அதுதான். அங்கே தையல் போடாமல் விடுவதில் ஒரு உயிர் இருக்கிறது. மைக் இல்லாமல் நடக்கும் வீட்டுக் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ரெதம் இங்கிலாந்தின் லவ்தர் டிரைவர்களைக் கொண்டு தொடங்கியவர்கள். பிறகு அகன்ற அலைவரிசை டிரைவருக்குக் கீழே, தனக்கென ஆம்ப்ளிஃபயர் உள்ள பாஸ் பகுதியைச் சேர்த்தார்கள். ஒற்றை டிரைவரின் பழைய குறையே பாஸ் இல்லாததுதான், அதை அவர்கள் நேராக எதிர்கொண்டிருக்கிறார்கள். பாஸின் அளவைப் பின்னால் இருக்கும் குமிழில் கூட்டிக் குறைக்க முடியும் என்றால் 57 ஹெர்ட்ஸ் கவலையும் பாதி தீரும். சார், ஒரு முறையாவது போய்க் கேளுங்கள். கேட்காமல் தள்ளிவிடாதீர்கள்.

பதிவு 6 · ஓம்விதி (பெங்களூரு)

ஆம்ப் கணக்கையும் பார்த்துவிடலாம்.

பி3-யின் உணர்திறன் 83.5 டெசிபல், அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தது. 10×14 அறையில் நீங்கள் சுமார் 2.6 மீட்டர் தள்ளி உட்காருவீர்கள். தூரத்துக்கு 8 டெசிபல் கழியுங்கள், இரண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டுங்கள். ஒரு வாட்டுக்கு 78 அல்லது 79. பத்து மடங்கு வாட்டுக்கு 10 டெசிபல் கூடும் என்ற கணக்கில் உங்கள் 40 வாட் 16 டெசிபல் சேர்க்கும். ஆக உச்சம் 94, 95. அறை எதிரொலியால் இதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். இரவில் சராசரி 70, 75-இல் கேட்பவருக்குத் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கும் இது போதும். கல்யாண மண்டபச் சத்தம் வேண்டுமானால் போதாது.

98 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் என்றால் அதே இடத்தில் ஒரு வாட்டுக்கே 93 வந்துவிடும். வால்வ்விளக்கு அவர்களின் எட்டு வாட்டில் நூறைத் தாண்டும். அவர் ஆம்ப்பும் அவர் ஸ்பீக்கரும் ஒன்றுக்கு ஒன்று பிறந்தவை. உங்களிடம் ஏற்கெனவே 40 வாட் இருப்பதால் அந்த வசதிக்கு நீங்கள் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிறு தயாரிப்பாளர்களின் விவரத் தாளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உணர்திறனைச் சிலர் 1 வாட் என்று போடுவார்கள், சிலர் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்று. 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட், எண் 3 டெசிபல் கூடித் தெரியும். ஓம் கணக்கிலும் இதே கதை. 8 ஓம் என்று எழுதினால் எங்கேயும் 6.4-க்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேசத் தரம். 8 என்று எழுதிவிட்டு 3.5-க்கு இறங்கும் பெட்டிகள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன. மிகக் குறைந்த ஓம் எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில் என்று கேளுங்கள். உண்மையாகவே அளந்து செய்பவர் உடனே பதில் சொல்லிவிடுவார்.

பதிவு 7 · மாடியறை

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். போன மாதம் ஒருவர் வீட்டில் ஹார்பெத்தின் கொஞ்சம் பெரிய மாடல் ஒன்றைப் பார்த்தேன். பக்கவாட்டில் விரலால் தட்டினால் காலிப் பெட்டி மாதிரி "டொக்" என்று கேட்கிறது. பக்கத்தில் இருந்த வேறு கம்பெனி ஸ்பீக்கரைத் தட்டினால் கருங்கல் மாதிரி இருக்கிறது. இவ்வளவு விலைக்கு இப்படிப் பெட்டி செய்யலாமா?

பதிவு 8 · தெப்பக்குளம்

இதைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப ஆசை, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

பி.பி.சி.க்கு ஒரு தேவை இருந்தது. ஸ்டுடியோவில் அறிவிப்பாளர் பேசுவதும் பக்கத்து அறை ஸ்பீக்கரில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்களால் கதவைத் திறந்து அசல் குரலைக் கேட்டுவிட்டு, திரும்ப வந்து ஸ்பீக்கரைக் கேட்க முடிந்தது. பெரும்பாலான தயாரிப்பாளர்களுக்கு அன்றைக்கு இந்த வசதி இல்லை. அப்படி ஒப்பிட்டபோது தெரிய வந்தது, பெட்டியின் சுவரும் பாடுகிறது என்பது. சுவரைத் தடிமனாக்கினால் அதிர்வு நின்றுவிடாது, மேலே ஏறி மனிதக் குரல் இருக்கும் இடத்துக்கே போய்விடும். அங்கே சிறு அதிர்வும் காதுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் எதிர்வழியில் போனார்கள். மெல்லிய பர்ச் பிளைவுட்டை எடுத்து, உள்பக்கம் தார்த் தகடு ஒட்டி, அதிர்வைக் குரலுக்குக் கீழே தள்ளி, அங்கேயே அடக்கினார்கள். நீங்கள் தட்டியபோது கேட்ட "டொக்" அந்தத் தாழ்ந்த, சீக்கிரம் அடங்கும் அதிர்வுதான்.

இந்த ஆராய்ச்சியின் முன்னணியில் இருந்த டட்லி ஹார்வுட் ஓய்வு பெற்று 1977-இல் தொடங்கியதே ஹார்பெத். தன் பெயரையும் மனைவி எலிசபெத்தின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். அதே பி.பி.சி.யில் அவரோடு வேலை செய்த ஸ்பென்சர் ஹியூஸ் தன் பெயரையும் மனைவி டோரத்தியின் பெயரையும் சேர்த்து ஸ்பெண்டார் தொடங்கினார். ஒரு வீட்டுத் தம்பதி, ஒரு சிறு பட்டறை, ஒரு பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சி. இந்த வழியிலிருந்து வரும் ஸ்பீக்கர் குரலுக்கு நன்றாக இருப்பது தற்செயலாக நடந்தது கிடையாது. அதற்காகவே பிறந்தவை அவை.

பி3-க்கு மூதாதை எல்.எஸ்.3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக 1970-களில் பி.பி.சி. வடிவமைத்த, ஓரடி உயரப் பெட்டி. ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து குரலைச் சரிபார்க்கச் செய்ததை நீங்கள் ஒரு சின்ன மாடி அறையில் வைக்கப் போகிறீர்கள். தூரமும் ஏறக்குறைய அதே.

பதிவு 9 · பழையசாலை (திருச்சி)

வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் சிறு தயாரிப்பாளரிடம் வாங்கி அடிபட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பன்னிரண்டு வருடம் முன் வடக்கே ஒரு சிறு பட்டறையில் செய்த ஸ்பீக்கர் வாங்கினேன். பெயர் வேண்டாம், அவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. ஒலி அற்புதம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஐந்தாம் வருடம் ஒரு பக்க ட்வீட்டர் (மேல் ஒலிகளைத் தரும் சின்ன டிரைவர்) போய்விட்டது. போன் எடுக்க ஆள் இல்லை. சரி, நாமே வாங்கி மாட்டலாம் என்று கழற்றினால் டிரைவரின் பின்னால் இருந்த எண்ணையும் பெயரையும் தேய்த்து அழித்திருந்தார்கள். கிராஸ்ஓவர் பலகை மேல் கருப்புப் பசை ஊற்றி மூடியிருந்தது. மூன்று மாதம் அலைந்து, அளவு ஒத்துப்போகும் வேறு ட்வீட்டரை இரண்டு பக்கமும் மாற்றினேன். பாட்டு வருகிறது. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய ஒலி அது கிடையாது. இப்போதும் வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அது என் காதில் உறுத்துகிறது.

ஒலி எப்படி என்று கேட்பதற்கு முன், இது கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்று கேளுங்கள் தம்பி.

பதிவு 10 · வெள்ளவத்தை (கொழும்பு)

பழையசாலை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு கடலில் இருந்து அரைக் கிலோமீட்டர் இல்லை. ஓதக் காற்றில் கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் பத்து வருடம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். விரலால் தொட்டால் மாவாய் உதிரும். ரப்பர் வளையம் நெடுநாள் இருக்கும். துணி வளையமும் பரவாயில்லை. ட்வீட்டருக்குள் காந்தத் திரவம் இருந்தால் அது சூட்டில் ஆண்டுக்கணக்கில் தடித்துப்போய் ஒலி மங்கும், உடனே தெரியாது, மெல்ல மெல்ல நடக்கும். கோவையில் கடல் இல்லை, உங்களுக்குக் கவலை குறைவு. என்றாலும் செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் முன்னால் அது எந்த ஊரில் இருந்தது என்று விற்பவரிடம் கதைத்துப் பாருங்கள்.

பதிவு 11 · ஓம்விதி

பழையசாலை அண்ணனின் பதிவை எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும்.

சிறு தயாரிப்பாளர்களில் இரண்டு வகை. ஒரு வகையினர் நார்வேயின் சீயாஸ், டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக் போன்ற டிரைவர் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுவார்கள். தயாரிப்பாளர் கடையை மூடினாலும் டிரைவரை வெளியே வாங்கிவிடலாம், மாடல் எண்ணும் கிராஸ்ஓவர் வரைபடமும் கையில் இருந்தால் போதும். இன்னொரு வகையினர் டிரைவரையே தாங்களாகச் செய்கிறவர்கள். ஒலியில் அவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். ஹார்பெத் 1990-களில் தனக்கென்று ஒரு கோன் பொருளையே உருவாக்கியது இந்த வகை. ரெதமும் லவ்தரிலிருந்து தன் டிரைவருக்கு நகர்ந்தது. ஆனால் உதிரி பாகத்துக்கு அவர்களை மட்டுமே நம்ப வேண்டும்.

இது பெரிய பெயர்களுக்கும் நடக்கும். எல்.எஸ்.3/5ஏ-யைப் பல கம்பெனிகள் பி.பி.சி. உரிமம் வாங்கிச் செய்தன. ஆனால் எல்லோருக்கும் டிரைவர் கொடுத்தது கேஇஎஃப் என்ற இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுதான். அவர்கள் பி110, டி27 டிரைவர்களை நிறுத்தியதும் 1990-களின் கடைசியில் அந்தப் பெட்டியே நின்றுபோனது. அந்த டிரைவர்களை முதலில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் என்ற சிறு நிறுவனம்தான் பல வருடம் கழித்து அவற்றை மறுபடி செய்து பெட்டிக்கு உயிர் கொடுத்தது.

ஆகவே கேட்க வேண்டியது: இந்த ஜோடியின் வரிசை எண்ணுக்கு உரிய அளவீட்டுப் பதிவை வைத்திருக்கிறீர்களா? பத்து வருடம் கழித்து ஒரு டிரைவர் போனால், மற்றப் பக்கத்துக்கு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்து அனுப்புவீர்களா? வாங்கும்போதே ஒரு ஜோடி ட்வீட்டர் தனியாகத் தருவீர்களா? வீட்டில் வைத்துக் கேட்க எத்தனை நாள், பிடிக்காவிட்டால் போக்குவரத்துச் செலவு யாருடையது? ஒரு நல்ல தயாரிப்பாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியாகப் பேசுவார்.

பதிவு 12 · வால்வ்விளக்கு

உதிரி பாகம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அளவீட்டுத் தாளை வைத்தே ஸ்பீக்கரை எடை போடும் போக்கு இந்த இழையில் மெல்ல ஏறுகிறது. என் ஸ்பீக்கரின் வரைபடத்தை யாராவது பார்த்தால் வாங்கவே மாட்டார்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. இருந்தும் என் வீட்டுக்கு வரும் வித்வான்கள் தம்புராவைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேச மாட்டார்கள்.

பதிவு 13 · ஓம்விதி

அய்யா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். அந்த மேடுதான் தம்புராவின் ஜீவாளியை (தந்தியின் ரீங்காரத்தை) முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதே மேடு நாதஸ்வரத்தில் என்ன செய்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

1980-களில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் செய்த வேலையை நான் பெரிதாக நினைப்பவன். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்து, எது எது என்று தெரியாமல், ஒரே சத்த அளவில் கேட்க வைத்தார். நேரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலி தரும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே அது நல்ல ஸ்பீக்கர் மாதிரித் தோன்றும். மாடியறை சார், எங்கே கேட்டாலும் போனில் ஒரு ஒலி அளவுச் செயலியை வைத்து இரண்டையும் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள்.

பதிவு 14 · வால்வ்விளக்கு

நேர்மையாகக் கேட்டதால் நேர்மையாகச் சொல்கிறேன். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பேன். லவ்தர் வகை டிரைவர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தக் கூர்மை தெரியும். ஸ்பீக்கரை நேராகக் காதைப் பார்த்துத் திருப்பாமல் பத்து, பதினைந்து டிகிரி விலக்கி வைத்தால் தணியும். தம்புராவுக்காக நான் அதை ஏற்றுக்கொண்டேன். எல்லோரும் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பதிவு 15 · மாடியறை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இரண்டையும் கேட்டுவிட்டேன்.

கொச்சியில் ஒரு நண்பரின் நண்பர் வீட்டில் ரெதம் இருக்கிறது. ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தார். கூடம் 22 அடி நீளம், ஓட்டுக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. நான் கொண்டுபோன பதிவுகளில் முதலில் போட்டது ஒரு பழைய குரல் கச்சேரி. வால்வ்விளக்கு அய்யா, நீங்கள் எழுதியது அப்படியே உண்மை. பாடகர் மூச்சு இழுத்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிருதங்கத்தின் வலந்தலையில் சாப்பு விழும்போது விரல் தோலைத் தொட்ட கணம் தனியாகத் தெரிந்தது. வலந்தலையின் நடுவில் கருப்பாகக் கரணை வைத்ததால் மிருதங்கத்தின் மேல் ஒலிகள் ஸ்வரமாக இசைகின்றன என்று சி.வி.ராமன் 1920-இலேயே எழுதியதைப் பள்ளியில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அந்த ஸ்வரத்தை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். கிளம்ப மனமே வரவில்லை.

ஆனால் அந்தக் கூடத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்தது, அங்கே ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு அடி, பக்கத்தில் ஐந்து அடி இடம் இருந்தது. என் அறையில் அது பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

பி3-ஐ ஒரு டீலர் நாலு நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுத்தார். முதல் நாள் ஏமாற்றமாக இருந்தது. சின்னதாக, ஒடுக்கமாக, கொஞ்சம் காரமாகக் கேட்டது. ஏன் என்று தெரியவில்லை.

பதிவு 16 · தெப்பக்குளம்

எங்கே வைத்தீர்கள், எதன் மேல் வைத்தீர்கள், தரையில் என்ன இருந்தது?

பதிவு 17 · மாடியறை

மர மேசை மேல், சுவரை ஒட்டி. தரை வெறும் மொசைக்.

பதிவு 18 · தெப்பக்குளம்

மேசையை எடுத்துவிடுங்கள். மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு கலந்து குரலைக் கெடுக்கும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து தரையிலிருந்து காதுவரை அளந்து பாருங்கள். 24 அங்குல ஸ்டாண்ட் பெரும்பாலும் சரியாக இருக்கும். கோவையில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமா? நாலு மில்லிமீட்டர் தகட்டில் அடித்தட்டு, சதுரக் குழாயில் கால், குழாய்க்குள் நன்றாகக் காயவைத்த மணல் நிரப்பச் சொல்லுங்கள். ஈர மணல் போட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

10 அடிச் சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர், 14 அடி நீளத்தைப் பார்த்தபடி. பின்சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால், பக்கச் சுவரிலிருந்து இரண்டடி உள்ளே. தரையில் ஒரு நல்ல பவானி ஜமுக்காளம் விரித்து, அதன்கீழ் பழைய கம்பளி ஒன்று. காரம் என்று நீங்கள் சொன்னது மொசைக்கிலும் வெறும் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் ஒலி. நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் உத்தமம். மூலையில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் கொஞ்சம் எதிரொலி அடங்கும். 57 ஹெர்ட்ஸுக்கு மெத்தை போதாது, அதை இடம் மாற்றி உட்கார்ந்துதான் குறைக்க வேண்டும். அறையின் நட்ட நடுவில் மட்டும் உட்காராதீர்கள்.

பதிவு 19 · ஓம்விதி

அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. என்ற மென்பொருள் இலவசம். அளவுத்திருத்தம் செய்த ஒரு யுஎஸ்பி மைக் போதும். நாற்காலியை அரை அடி, அரை அடியாக நகர்த்தி அளந்து பாருங்கள்.

பதிவு 20 · மாடியறை

செய்தேன். டீலரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டறையில் ஸ்டாண்ட் அடித்து, மணலை மொட்டை மாடியில் மூன்று நாள் காயப்போட்டு நிரப்பினேன். ஜமுக்காளத்தை பவானிக்கே போய் வாங்கி வந்தேன், வீட்டுக்காரிக்கும் ஒரு நாள் ஊர் சுற்றினது போல ஆயிற்று.

பக்கத்து வீட்டுப் பையன் மைக் கொண்டுவந்து அளந்தான். முதலில் நாற்காலி இருந்த இடத்தில் 57-இல் 11 டெசிபல் மேடு. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலரை அடிக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கரை இன்னும் நாலு அங்குலம் முன்னே இழுத்ததும் அது 5-ஆக இறங்கியது. அதற்குக் கீழே கொண்டுவர முடியவில்லை.

பிறகு அதே பழைய கச்சேரியைப் போட்டேன். கொச்சியில் கேட்ட அந்த உடனடித் தன்மை இதில் கொஞ்சம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குரல் ஸ்பீக்கரிலிருந்து பிரிந்து இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. எண்பது வயது தாண்டிய என் அம்மா படியேறி வந்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். வயலின் பின்னால் ஒரு அடி தள்ளி, தம்புரா இடப்பக்கம் மெல்ல. நாதஸ்வரத்தை நான் கேட்கும் அளவில் வைத்தபோது காது வலிக்கவில்லை. இரவு பன்னிரண்டரை வரை எழுந்திருக்கவில்லை.

பி3-ஐயே வாங்கிவிட்டேன். பழையசாலை அண்ணன் சொன்னதை மனதில் வைத்து வரிசை எண்ணைக் கொடுத்து உதிரி டிரைவர் பற்றி எழுதிக் கேட்டேன், ஜோடிக்கு ஒத்துப்போகும்படி அனுப்ப முடியும் என்று எழுத்திலேயே பதில் வாங்கி வைத்திருக்கிறேன். ஒதுக்கிய பணத்தில் மிச்சமும் இருக்கிறது.

இளையராஜாவுக்கு மட்டும் அந்த 41 ஹெர்ட்ஸ் குறை உறுத்துகிறது. பாஸுக்கு மட்டுமான, மூடிய பெட்டியில் எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்று சேர்த்து, 70-க்குக் கீழே மட்டும் விட்டால் 57 மறுபடி எழுந்துவிடுமா?

பதிவு 21 · தெப்பக்குளம்

எழும். ஆனால் சப்வூஃபரை ஸ்பீக்கரோடு சேர்த்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 10 அடி அகலத்தின் சரிபாதியில், ஐந்தாவது அடியில் வைத்தால் பக்கச் சுவர்களுக்கு இடையேயான 57-ஐ அது அநேகமாகத் தட்டாது. உயரத்தால் வரும் 57 மிச்சம் இருக்கும். அடுத்த மாதம் கோவை வருகிறேன், என் பழைய எட்டு அங்குலப் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு வரவா சார்? வைத்து அளந்து பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம்.

பதிவு 22 · மாடியறை

வாருங்கள் சார், மதியச் சாப்பாடு நம் வீட்டில். மைக்கைப் பையனிடம் சொல்லி வைக்கிறேன்.